இடுப்புவலிச் சோதனையில் ஒரு கொழுந்துத் தொழிலாளியின் விளைவை அளந்தது: நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்தக் குறிப்பு ஒரே ஒரு பங்கேற்பாளரைப் பற்றியது. நுவரெலியா மாவட்டத்தில், ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடைப்பட்ட தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் பெண். வயது ஐம்பதை நெருங்குகிறது. நாட்பட்ட இடுப்புவலிக்கு உடற்பயிற்சி எவ்வளவு உதவுகிறது என்று பார்த்த ஒரு சிறிய மருத்துவச் சோதனையில் சேர்ந்திருந்தார். நான் அதில் மதிப்பீட்டாளர். கேள்வித்தாளைக் கேட்டு நிரப்புவதும், குனியவைத்து நிமிரவைத்து அளப்பதும், நடக்கவிட்டு நேரம் பார்ப்பதும் என் வேலை. யாருக்கு எந்தச் சிகிச்சை என்பது எனக்குச் சொல்லப்படாது. இதை எழுத அவருடைய சம்மதம் உண்டு. அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விபரங்களை விட்டிருக்கிறேன்.

அவருடைய வேலையை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் எண்கள் எல்லாம் அதன்மேல்தான் நிற்கின்றன. காலையில் பிரட்டுக்களம். அங்கே எந்த மலை என்று சொன்னதும் ஏறிப் போய் நிரை பிடிக்க வேண்டும். இடுப்பைச் சுற்றிப் படங்கு, அதற்கு மேல் கயிறு, தலையிலிருந்து முதுகுக்குத் தொங்கும் சாக்கு. சரிவில் ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக நின்றபடி, செடியின் உயரத்துக்கு முன்னால் சாய்ந்து, இரண்டு கையாலும் பறிப்பது. சாக்கு நிறைய நிறைய உடம்பு பின்னால் இழுபடும். அதைச் சமாளிக்க இன்னும் கொஞ்சம் முன்னால் சாய வேண்டும். மழை பெய்தால் கொழுந்தும் படங்கும் நனைந்து கனக்கும். நாளில் மூன்று தடவை கொழுந்தை மடுவத்துக்குக் கொண்டுபோய் நிறுக்க வேண்டும். அந்தத் தோட்டத்தில் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், விழ 18 கிலோ. குறைந்தால் அரைப்பேர். ஞாயிற்றுக்கிழமை பறித்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கைக்காசு.

வலி அவருக்குச் சில வருடங்களாகவே இருந்தது. இடுப்பின் நடுவில் தொடங்கி, பாரம் தூக்கும் நாட்களில் வலது பிட்டம் வரை இறங்கும். முழங்காலுக்குக் கீழே போனதில்லை. பனடோலும் சித்தாலேபவும் வீட்டு மருந்து. தாங்க முடியாதபோது தோட்ட டிஸ்பென்சரியில் வலிமாத்திரை.

சோதனையின் அமைப்பு

12 வாரத்துக்கு மேல் இடுப்புவலி உள்ளவர்களை மட்டும் சேர்த்தார்கள். சிறுநீர், மலக் கட்டுப்பாடு இழந்தவர்கள், காலில் பலம் குறைந்துகொண்டு போகிறவர்கள், காய்ச்சலுடனோ காரணமில்லாமல் மெலிந்தோ வந்தவர்கள், விழுந்து அடிபட்டவர்கள், புற்றுநோய் இருந்தவர்கள் சேர்க்கப்படாமல் நேரே வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டார்கள். சேர்ந்தவர்கள் எழுமாற்றாக இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒன்றுக்கு இயன்மருத்துவர் நடத்தும் படிப்படியான உடற்பயிற்சியும் ஆலோசனையும். மற்றதற்கு வழமையான சிகிச்சை, அதாவது கிளினிக், மாத்திரை, பொதுவான அறிவுரை. தொடக்கத்திலும் 12ஆம் வாரத்திலும் 26ஆம் வாரத்திலும் அளவீடு.

முதன்மை விளைவு, அதாவது பலன் உண்டா இல்லையா என்று தீர்மானிக்கும் அளவீடு, 12ஆம் வாரத்தில் ஒஸ்வெஸ்ட்ரி இயலாமைச் சுட்டெண். வலியின் அளவு 0 முதல் 10 வரையான எண்ணில் துணை விளைவாக. இரண்டும் முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே இலங்கை மருத்துவச் சோதனைப் பதிவகத்தில் எழுதப்பட்டுவிட்டன.

ஒஸ்வெஸ்ட்ரியைத் தேர்ந்ததில் தவறொன்றும் இல்லை. 1980இல் ஃபெயர்பேங்க்கும் கூட்டாளிகளும் வெளியிட்ட சுட்டெண் அது. பத்துப் பிரிவுகள்: வலி, தன் உடம்பைத் தானே கவனித்தல், தூக்குதல், நடத்தல், உட்காருதல், நிற்றல், தூக்கம், தாம்பத்தியம், நாலு பேரோடு பழகுதல், பயணம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5. கூட்டி நூற்றுக்கு மாற்றினால் வருவது இயலாமையின் விகிதம். 2018இல் சர்வதேச நிபுணர் குழு இடுப்புவலிச் சோதனைகளுக்குப் பரிந்துரைத்த அளவீடுகளில், உடல் இயக்கத்துக்கு இதுவும் 24 கேள்விகள் கொண்ட ரோலண்ட்–மொரிஸ் கேள்வித்தாளும்தான் இடம்பெற்றன. எல்லோரும் ஒரே அளவுகோலைப் பயன்படுத்தினால்தான் ஒரு நாட்டுச் சோதனையை இன்னொன்றோடு சேர்த்துப் பார்க்க முடியும். அந்த நியாயம் மலையகத்துக்கும் பொருந்தும்.

எவ்வளவு மாறினால் அதை மாற்றம் என்பது? 2008இல் ஒஸ்டெலோவும் சகாக்களும் வெளியிட்ட இணக்கம் பரவலாக எடுத்துக்கொள்ளப்படுகிறது: ஒஸ்வெஸ்ட்ரியில் 10 புள்ளி, வலி எண்ணில் 2, ரோலண்ட்–மொரிஸில் 5, அல்லது தொடக்க அளவிலிருந்து 30 சதவீதம். இந்த வரம்பு தனியொருவரின் முன்னேற்றத்துக்கானது. இரண்டு குழுக்களின் சராசரிக்கு இடையே 10 புள்ளி வித்தியாசம் இல்லையே என்று சிகிச்சையைத் தள்ளிவிடுவதும் நடக்கிறது. அது வேறு கணக்கு.

முதல் மதிப்பீடு, பெப்ரவரி

ஞாயிற்றுக்கிழமை முகாம். இடம், தோட்ட அலுவலகத்தை ஒட்டிய டிஸ்பென்சரி. அறையில் நானும் அவரும், கூடவே தோட்டத்தின் நலன்புரி உத்தியோகத்தரும். உதவிக்காகத்தான் இருந்தார், யாரும் தப்பாக நினைக்கவில்லை.

தாம்பத்தியம் பற்றிய பிரிவை அவர் தொடவே இல்லை, நானும் வற்புறுத்தவில்லை. விட்ட பிரிவுக்குச் சுட்டெண்ணின் விதி தெளிவாக இருக்கிறது: 50க்குப் பதில் 45ஆல் வகுக்க வேண்டும். மற்ற ஒன்பதில் அவர் எடுத்தவை: வலி 3, உடம்பைக் கவனித்தல் 1, தூக்குதல் 3, நடத்தல் 2, உட்காருதல் 0, நிற்றல் 3, தூக்கம் 2, பழகுதல் 3, பயணம் 2. மொத்தம் 19, நூற்றுக்கு 42. வலி எண் 6.

பெப்ரவரி என்பதைக் கவனிக்க வேண்டும். மேற்குச் சரிவில் அது வரட்சியும் பனியுமான காலம். தேயிலையின் தரம் ஏறும், கொழுந்து குறையும். அவர் அந்த வாரங்களில் பெரும்பாலும் அரைப்பேர்தான். சாக்கு பாதி நிறைந்ததும் இறக்கிவிடுவார், மடுவத்துக்குத் தூக்கிக்கொண்டு போவது மகன். இதெல்லாம் பின்னால் கேட்டுத் தெரிந்தது. அன்றைய தாளில் அதற்கு இடமே இருக்கவில்லை.

கையோடு ஒரு எக்ஸ்ரே படமும் கொண்டுவந்திருந்தார். டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் எடுத்தது. "டிஸ்க் தேஞ்சு போச்சுன்னு சொன்னாங்க மிஸ். பயிற்சி செஞ்சா அது திரும்ப வளருமா?" என்று கேட்டார். வளராது, வளரவும் தேவையில்லை என்று ஆய்வுத் தலைவரான டொக்டர் அவருக்கு விளக்கினார். படத்தை விளைவு அளவீடாக வைக்காததன் காரணமும் இதுதான். 1994இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, 52 சதவீதமானோருக்குக் குறைந்தது ஒரு மட்டத்திலாவது டிஸ்க் புடைத்திருந்தது. வலி போன பிறகும் படம் அப்படியே இருக்கும். படம் மோசமானாலும் ஆள் நன்றாக நடமாடலாம்.

12ஆம் வாரம், மே

இந்தத் தடவை புதன்கிழமை. ஞாயிறு கைக்காசுக்குப் பறிக்கப் போவதால் யாரும் முகாமுக்கு வரவில்லை. அதனால் வேலைநாளில், மாலை நிறுவை முடிந்ததும் வரச் சொன்னோம். ஏப்ரல் மழைக்குப் பிறகு கொழுந்து குமிந்து கிடக்கும் காலம். அவர் மடுவத்திலிருந்து நேரே வந்தார். படங்கு ஈரம் காயவில்லை, விரல் நுனிகள் கறுத்திருந்தன.

வலி எத்தனை என்று கேட்டேன். ஆறு என்றார். எழுதிக்கொண்டேன். நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "அதே ஆறுதான் மிஸ். ஆனா மாசி மாசம் அரைப்பேருக்கு ஆறு. இப்ப முழுப்பேருக்கு. இன்னைக்கு இருவத்திரெண்டு கிலோ. சாக்கையும் நாந்தான் தூக்கிட்டுப் போனேன்."

ஒஸ்வெஸ்ட்ரியின் மொத்தம் 17; நூற்றுக்கு 38. தொடக்கத்திலிருந்து 4 புள்ளிதான் இறக்கம். 10க்குக் குறைவான மாற்றத்தைத் தனியாள் அளவில் அளவீட்டுப் பிழையிலிருந்து பிரிப்பதே கடினம். வலி எண்ணில் மாற்றம் பூச்சியம். ஆய்வுத் திட்டத்தின்படி இவர் பலன் பெறாதவர்.

மொத்தத்தை விட்டுப் பிரிவுகளைப் பார்த்தால் வேறொன்று தெரிந்தது. தூக்குதல் 3இலிருந்து 1, நிற்றல் 3இலிருந்து 1, நடத்தல் 2இலிருந்து 1, பழகுதல் 3இலிருந்து 2. மறுபக்கம் உட்காருதல் 0இலிருந்து 2, உடம்பைக் கவனித்தல் 1இலிருந்து 2, தூக்கம் 2இலிருந்து 3. வலியும் பயணமும் இருந்த இடத்திலேயே. ஆறு புள்ளி ஒரு பக்கம் குறைந்து, நான்கு புள்ளி மறுபக்கம் ஏறியிருந்தது. பகல் முழுக்க மலையில் நின்று பாரம் தூக்க முடிந்தவர், பொழுது சாய்ந்ததும் அடுப்புக்கு முன்னால் குந்த முடியாமலும், குளிக்கத் தாமதித்தும், இரவில் புரண்டு புரண்டு படுத்தும் அதற்கு ஈடுகட்டிக்கொண்டிருந்தார். இரண்டையும் கூட்டிய மொத்தம் கிட்டத்தட்ட அசையவில்லை.

ஒரு விஷயம் சொல்லாமல் விட முடியாது. ஒஸ்வெஸ்ட்ரியின் கேள்விகள் இன்றைய நிலையைக் கேட்பவை. பெப்ரவரியின் இன்று, ஓய்வுநாள் காலை. மேயின் இன்று, கொழுந்து மிகுந்த நாளின் மாலை. அதிலும், அன்று காலை மலைக்குப் போகும் முன் இரண்டு பனடோல் போட்டிருந்தார். அதையும் தாள் கேட்கவில்லை, பேச்சுவாக்கில்தான் வந்தது.

குழுக் கூட்டத்தில் எழுந்த வாதம்

இவருடைய தாளோடு இன்னும் இதுபோன்ற சில தாள்களும் சேர்ந்து கூட்டத்துக்கு வந்தன. பெயரும் குழுவும் மறைத்தே வந்தன. அங்கே மூன்று கருத்துகள் மோதின.

ஒருவர் கேட்டது நேரடியானது. கேள்வித்தாளை விட்டுவிட்டு, பறித்த கிலோவையே முதன்மை விளைவாக வைத்தால் என்ன? தோட்டத்தின் பதிவில் ஒவ்வொரு நாளும் கிலோ இருக்கிறது, யாரும் இட்டுக்கட்ட முடியாது, தொழிலாளிக்கும் அதுதான் சம்பளம். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் மடுவத்தில் அரை மணி நின்று பார்த்தவர்களுக்கு அந்தக் கிலோவின் சங்கதி தெரியும். கவ்வாத்து வெட்டி எத்தனையாவது வருட மலை என்பதைப் பொறுத்து கொழுந்து மாறும். அதே மலையைத் திரும்பப் பறிக்கும் ரவுண்டு இரண்டு நாள் தள்ளிப்போனால் மாறும். நிரையின் மேட்டுப்பக்கமா பள்ளப்பக்கமா என்பதற்கும் மாறும். சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று தராசில் கழிப்பார்கள். அந்தக் கழிவு நாளுக்கு நாள் ஒன்றாக இருக்காது. முழுப்பேருக்கு ஒரு கிலோ குறைந்தால் பக்கத்து நிரை அக்கா தன் சாக்கிலிருந்து இரண்டு பிடி அள்ளிப் போடுவதும் உண்டு. மேலும் பெப்ரவரியிலிருந்து மேக்கு எல்லோருடைய கிலோவும்தான் கூடியிருக்கிறது, இடுப்பு நோகாதவர்களுடையது உட்பட. எழுமாற்றாகப் பிரித்திருப்பதால் பருவம் இரண்டு குழுவுக்கும் பொது என்பது உண்மை. ஆனாலும் இவ்வளவு இரைச்சலுக்குள் சிகிச்சையின் பங்கைப் பிரித்தெடுக்க, சேர்ந்திருந்தவர்களைப் போலப் பல மடங்கு ஆட்கள் வேண்டும்.

அதைவிடப் பெரிய தடை ஒன்று இருந்தது. சோதனை நடந்துகொண்டிருக்கும்போது, வந்த எண்களைப் பார்த்துவிட்டு முதன்மை விளைவை மாற்றுவது அடிப்படையிலேயே பிழை. எந்த அளவீட்டில் பலன் தெரிகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும் வழி அது. தொடங்கிய பிறகு விளைவுகளில் செய்த எந்த மாற்றத்தையும் காரணத்தோடு அறிக்கையில் எழுத வேண்டும் என்று சோதனை அறிக்கைகளுக்கான கொன்சோர்ட் வழிகாட்டி கேட்பதும் இதனால்தான். ஆய்வுத் தலைவர் இதில் அசையவே இல்லை. எனக்கு அது சரியாகவே பட்டது, இவருடைய தாளைப் பார்க்கப் பார்க்க மனம் கேட்காவிட்டாலும்.

இரண்டாவது யோசனை என்னுடையது. கிலோவை விளைவாக வைக்க வேண்டாம். வலி எண்ணைப் பகுக்கும்போது அன்றைய வேலைப்பளுவைச் சமப்படுத்திப் பார்க்கலாம். இருபது கிலோவின் ஆறும் பத்துக் கிலோவின் ஆறும் ஒன்றல்லவே? புள்ளிவிபரவியலாளர் இதை மறுத்தார். அவர் சொன்னதைக் கூட்டத்தில் எழுதிக்கொண்டபடி தருகிறேன்: சிகிச்சை வேலை செய்தால் பளு கூடும். அதாவது பளுவே சிகிச்சையின் விளைவுகளில் ஒன்று. அதைச் சமப்படுத்தினால் தேடுகிற பலனில் ஒரு பகுதியை நாமே கழித்துவிடுவோம். மிஞ்சுவதற்கு என்ன அர்த்தம் என்றே சொல்ல முடியாது. பிரிப்பதற்கு முன் இருந்த பளுவைச் சமப்படுத்தலாம், பின்னால் வந்ததைக் கூடாது.

மூன்றாவது, நலன்புரி உத்தியோகத்தர் அறையில் இருந்தது. அதை எழுப்பியவர் பயிற்சி கொடுத்த இயன்மருத்துவர். இந்த அக்கா உட்பட சிலர் அந்தக் காலத்தில் தவறணை, அதாவது நாற்றுமேடை, வேலைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். நாற்றுப் பைக்கு மண் நிரப்பும் வேலை. சரிவும் இல்லை, சாக்கும் இல்லை. அதற்கு டிஸ்பென்சரிச் சீட்டு வேண்டும். சீட்டு எழுதப்படும் அதே மேசையில், அலுவலக ஆள் பக்கத்தில் நிற்க, "பாரம் தூக்க முடியுமா" என்று கேட்டால் யார் முடியும் என்பார்கள்? அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஒரு பதிலுக்கும் அடுத்ததற்கும் நடுவே தயங்கும்போது எந்தப் பக்கம் சாய்வார் என்பதை அந்த அறை கொஞ்சம் தீர்மானித்திருக்கும்.

எடுத்த முடிவுகள்

முதன்மை விளைவு மாறவில்லை. பதிவகத்தில் எழுதியபடியே, 12ஆம் வாரத்தின் ஒஸ்வெஸ்ட்ரி. இவருடைய 42க்கு 38, பகுப்பாய்வில் 42க்கு 38 ஆகவே போகும்.

துணை விளைவாக ஒன்று சேர்க்கப்பட்டது: நோயாளி தானே செயல்களைத் தேர்ந்துகொள்ளும் இயக்க அளவுகோல். 1995இல் கனடாவில் ஸ்ட்ராட்ஃபோர்டும் சகாக்களும் கொண்டுவந்தது. வலியால் தனக்குக் கஷ்டமாகிப்போன சில செயல்களை நோயாளியே சொல்லி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை எண் கொடுப்பார். மலைக்கு இது பொருந்துகிறது. ஒருவர் "சாக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு மேட்டில் ஏறுவது" என்பார், இன்னொருவர் "பீலியிலிருந்து தண்ணி தூக்குவது" என்பார். பழைய பங்கேற்பாளர்களுக்குத் தொடக்க எண் இல்லையே என்ற கேள்வி வந்தது. பெப்ரவரியில் எவ்வளவு இருந்தது என்று மேயில் கேட்டு நிரப்பும் யோசனை கைவிடப்பட்டது; இன்றைக்கு உடம்பு எப்படி இருக்கிறதோ அதை வைத்துத்தான் பழையதை நினைவுகூருவோம். ஆகவே புதிதாகச் சேர்கிறவர்களுக்கு மட்டும். இந்த அக்காவுக்கு அந்த அளவுகோலில் எண் கிடையாது.

ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுவின் அனுமதி பெற்று, பதிவகத்தில் திகதியோடு திருத்தம் போடப்பட்டது. குழு விபரம் திறக்கப்படும் முன்பே இது முடிந்தது என்பது முக்கியம்.

மதிப்பீடு டிஸ்பென்சரியிலிருந்து, தொழிலாளரின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்கு மாறியது. பின்னேரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன பிறகு அது காலி. தோட்ட அலுவலகத்து ஆட்கள் இல்லை. பதில்கள் தோட்டத்துக்குப் போகாது என்று ஒவ்வொரு தடவையும் முதலிலேயே சொன்னோம். அன்றைய வேலை, கிலோ, போட்ட மாத்திரை மூன்றையும் தாளின் ஓரத்தில் குறித்தோம். பகுப்பாய்வுக்கு அல்ல, எண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வாசிப்பதற்கு.

26ஆம் வாரம், ஓகஸ்ட்

மொத்தம் 10; நூற்றுக்கு 22. தொடக்கத்திலிருந்து 20 புள்ளி இறக்கம், கிட்டத்தட்டப் பாதி. வலி எண் 2. எந்த வரம்பை வைத்துப் பார்த்தாலும் தெளிவான பலன்.

ஓரத்துக் குறிப்பு என்ன சொன்னது? "வேலை: இல்லை. கிலோ: இல்லை. மாத்திரை: இல்லை." மகளின் பிரசவத்துக்காக அவர் ஒரு மாதமாக மலைக்கே போகவில்லை. லயத்தில் (தொழிலாளரின் வரிசை வீட்டில்) இருந்து பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். தூக்குதல் பிரிவில் மேயில் 1 எடுத்தவர் இப்போது 2 எடுத்திருந்தார், கனமானதைத் தூக்கிப் பார்க்கவே இல்லை என்பதால். மற்ற எல்லாம் நன்றாகவே இருந்தது. நிம்மதியாகத் தூங்குவதாகச் சொன்னார். அதில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை.

உழைத்த மாதத்தில் சுட்டெண் அவரைப் பலன் பெறாதவர் என்றது. ஓய்ந்திருந்த மாதத்தில் பலன் பெற்றவர் என்றது. சுட்டெண் பொய் சொல்லவில்லை, கேட்ட நாளின் நிலையைத்தான் சொன்னது. வலி ஒரு அளவுக்கு மேல் போகாதபடி வேலையைக் கூட்டியும் குறைத்தும் கொள்வது மனித வழக்கம். வலி எண்ணை மட்டும் பார்த்தால் அந்தச் சரிக்கட்டல் கண்ணுக்குத் தெரியாது.

குழு விபரம் திறந்தபோது

கடைசி ஆளின் அளவீடும் முடிந்த பிறகு, எங்கள் ஊகத்தைக் கேட்டு எழுதிவிட்டுத்தான் விபரத்தைத் திறந்தார்கள். யாருக்கு எது என்பது மறைந்தே இருந்ததா என்று சரிபார்க்க இப்படிச் செய்வதுண்டு. இவருக்கு ஆய்வுத் தலைவரும் நானும் எழுதியது, பயிற்சிக் குழு. அவர் இருந்தது வழமைச் சிகிச்சைக் குழுவில்.

அப்படியென்றால் மேயில் சாக்கைத் தூக்கவைத்தது எங்கள் பயிற்சி அல்ல. கொழுந்து பெருகிய காலமும், முழுப்பேர் வேண்டிய வீட்டு நிலைமையும், வலி தானாகவே ஏறி இறங்கும் இயல்பும் சேர்ந்து செய்திருக்கலாம். வலி மோசமாக இருக்கும்போதுதான் ஆட்கள் சோதனையில் சேர வருவார்கள். அதன் பிறகு என்ன செய்தாலும், எதுவும் செய்யாவிட்டாலும், சராசரியாகக் கொஞ்சம் குறையத்தான் செய்யும். ஒப்பிட ஒரு குழு வைத்துக்கொள்வது இதற்காகத்தான். ஒரு நோயாளியின் கதையை மட்டும் கேட்டுவிட்டுச் சிகிச்சை வென்றது, தோற்றது என்று எழுதுகிறவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம்.

கதை அதோடும் முடியவில்லை. பிறகு அவருடன் பேசியபோது தெரியவந்தது: அதே லயத்தில் இரண்டு காம்பரா தள்ளி இருப்பவர் பயிற்சிக் குழுவில் இருந்தார். பின்னேரங்களில் இருவரும் வாசலில் பாய் விரித்துச் சேர்ந்தே செய்திருக்கிறார்கள். "அவ ஒத்தையில செய்யக் கூச்சப்பட்டா மிஸ், அதான் நானும்." எத்தனை நாள், எவ்வளவு ஒழுங்காக என்று இப்போது கேட்டுப் பயனில்லை. ஆகவே சாக்கைத் தூக்கவைத்ததில் பயிற்சிக்குப் பங்கே இல்லை என்றும் அடித்துச் சொல்ல முடியாது.

குழுக்கள் இப்படிக் கலந்துபோவது பெரிய சோதனைகளிலும் நடந்திருக்கிறது. டிஸ்க் பிதுக்கத்துக்கு அறுவைச் சிகிச்சையா மற்றச் சிகிச்சையா என்று பார்த்த அமெரிக்காவின் ஸ்போர்ட் சோதனையின் 2006 அறிக்கையைப் பார்க்கலாம். முதல் மூன்று மாதத்தில், அறுவைக்கு ஒதுக்கப்பட்டவர்களில் பாதிப் பேர்தான் அறுவை செய்துகொண்டார்கள். மற்றக் குழுவிலோ 30 சதவீதமானோர் செய்துகொண்டார்கள். அங்கும் ஒதுக்கிய குழுவின்படியே பகுத்தார்கள். எங்கள் சோதனையிலும் அப்படித்தான்: இவர் வழமைச் சிகிச்சைக் குழுவில் எண்ணப்பட்டார், பாய் விரித்துச் செய்த பயிற்சி அறிக்கையில் ஒரு வரியாக எழுதப்பட்டது. இப்படிப் பகுப்பது நேர்மையானது. ஆனால் இரண்டு குழுக்களுக்கும் இடையிலான வித்தியாசம் உண்மையில் இருப்பதைவிடச் சிறிதாகத் தெரியும்.

சோதனை முடிந்ததும் வழமைக் குழுவினருக்கும் பயிற்சி கொடுப்பதாக முன்பே சொல்லியிருந்தோம். இவரும் வந்தார். தவறணை வேலை கிடைக்கவில்லை. பேரப்பிள்ளைக்கு மூன்று மாதமானதும் திரும்பவும் மலைக்குப் போய்விட்டார்.

அடுத்த திட்டத்தில் மாற்றியவை

ஆட்களைத் தனித்தனியாகப் பிரிக்காமல் லயம் லயமாகவோ டிவிஷன் டிவிஷனாகவோ பிரிப்பது என்று முடிவாகியிருக்கிறது. ஒரே வாசலில் இரண்டு குழு இருக்காது. இதற்கு விலை உண்டு. ஒரே லயத்தில் இருப்பவர்கள் பல விதத்தில் ஒரே மாதிரி இருப்பதால், அதே உறுதியான முடிவுக்கு இன்னும் கூடுதலான ஆட்களைச் சேர்க்க வேண்டும். அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்பது இன்னும் பேச்சில்தான் இருக்கிறது.

அளவீட்டு நாள், தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஒரே வகை நாளாக இருக்கும்: வேலைநாள், மாலை நிறுவைக்குப் பிறகு, பிள்ளைக் காம்பராவில். வலி எண்ணை அந்த நேரத்து வலியாகக் கேட்காமல் கடந்த ஒரு வாரத்தின் சராசரியாகக் கேட்போம். நிபுணர் குழுவின் பரிந்துரையும் அதுதான். நோயாளி தேர்ந்துகொள்ளும் செயல்கள் முதல் நாளிலிருந்தே இருக்கும். ஒஸ்வெஸ்ட்ரி முதன்மை விளைவாகத் தொடரும். ஆனால் அறிக்கையில் மொத்தத்தோடு பிரிவுவாரியான அட்டவணையும் வர வேண்டும் என்று நான் கேட்டேன், ஏற்றுக்கொண்டார்கள்.

சேருவதற்கு முந்தைய நான்கு வாரப் பளுவைத் தோட்டப் பதிவிலிருந்து, பங்கேற்பாளரின் சம்மதத்தோடு எடுத்துப் பகுப்பாய்வில் சமப்படுத்துவோம். பின்னால் வரும் பளுவைச் சமப்படுத்தாமல் பக்கத்தில் காட்டுவோம். புதிய தாளில் வலி எண்ணுக்கு முன்னாலேயே நான்கு கேள்விகள் வருகின்றன: இன்று வேலைக்குப் போனீர்களா, முழுப்பேரா அரைப்பேரா, சாக்கை யார் தூக்கியது, மாத்திரை போட்டீர்களா. கேட்டு எழுத இரண்டு நிமிடம் போதும்.